கோட்டும் காலப்பிழையும்

உடை விஷயத்தில் ஒழுக்கக் கேள்விக்கு இடமில்லை என்பது நம்மில் பெரும்பாலோரின் எண்ணம். ஒருவனுக்குப் பிடித்ததை அவன் உடுத்துகிறான். மற்றவர் சொல்ல அதில் என்ன இருக்கிறது? ருசி என்ற ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால் தமிழ்நாட்டில் உடை ருசியின் விஷயமாக இருந்துவரும் காலம் மிகக் குறுகியது. அதற்கு முன் நெடுங்காலம் அது அனுமதியின் விஷயமாக இருந்தது. யார் எதை, உடம்பின் எந்த இடம் வரையில், யார் முன்னிலையில் உடுத்தலாம் என்பதற்கு எழுதிய விதிகளும் எழுதாத விதிகளும் இருந்தன. ஆகவே ஒரு கல்யாணத்துக்குப் பழைய காலத்துக் கோட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்ற சின்னக் காரியத்தில்கூட ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. பழைய காலத்திலிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம், எதை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம் என்ற கேள்வி.

சந்தர்ப்பம் சாதாரணமானதுதான். கணியூரில் தெரிந்த குடும்பம் ஒன்றில் கல்யாணம். முகூர்த்தம் வழக்கம்போல. மாலை வரவேற்பு மட்டும் 'ரெட்ரோ'. திருப்பூரிலிருந்து வரும் ஏற்பாட்டாளர்கள் மாட்டுவண்டி, வால்வு ரேடியோ, குழல் வைத்த கிராமபோன், கறுப்பு வெள்ளைப் படம் எடுக்க ஒரு மூலை எல்லாம் கொண்டுவருகிறார்கள். வருகிறவர்களும் நாற்பதுகள், ஐம்பதுகளின் உடையில் வரவேண்டும் என்று அழைப்பில் ஒரு வரி. மாப்பிள்ளை என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, நீங்க இங்கிலீசு படிச்சவரு. அந்தக் காலத்துக் கோட்டுன்னா எப்படி இருக்கோணும்? நெட்டுல பாத்தா ஒவ்வொருத்தன் ஒண்ணு சொல்றான்." அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, இரண்டு கோட்டுகளைப் பற்றி யோசிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் விவரங்கள். 'விண்டேஜ் சூட்' என்று இன்று விற்பதன் லட்சணங்கள் தெளிவானவை. அகன்ற மார்மடிப்பு, இரண்டு வரிசைப் பொத்தான், இடுப்புக்கு மேலே ஏறி நிற்கும் கால்சட்டை, அதன் அடியில் வெளிப்புறம் மடித்துத் தைத்த மடிப்பு, தோளில் நாடாப் பட்டை. நாற்பதுகளின் பாணி இதுதான் என்கிறார்கள். ஆனால் 1942ல் பிரிட்டிஷ் அரசு, துணிச் சிக்கனத்துக்காக, இரட்டை வரிசைப் பொத்தானையும் கால்சட்டையின் அடிமடிப்பையும் புதிதாகத் தைக்கக்கூடாது என்று தடுத்தது. 1944 வரை அந்தத் தடை இருந்தது. இங்கே 1943ல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. நாற்பதுகளின் நடுவே வாழ்ந்த மிகப் பெரும்பாலோருக்கு நாற்பதுகள் என்றால் துணிப் பஞ்சம். இன்று அந்தப் பத்தாண்டின் முத்திரையாக நாம் வாங்குவது, அந்தப் பத்தாண்டு தனக்கு மறுத்துக்கொண்டதை.

இன்னொன்று. தமிழ்நாட்டில் அக்காலத்துக் கோட்டு என்று நியாயமாகச் சொல்லத்தக்கது வேறு. கழுத்துவரை பொத்தான் போட்ட குளோஸ் கோட்டு, அல்பாகாத் துணி, கீழே வேட்டி, மேலே தலைப்பாகை. பள்ளிக்கூட வாத்தியார், வக்கீல், கச்சேரி குமாஸ்தா ஆகியோரின் உடை அது. யாரும் அதைக் கேட்பதில்லை. மாப்பிள்ளை மனதில் இருப்பது ஐம்பதுகளின் சினிமாக் கதாநாயகன் போட்டிருந்த கோட்டு. அதாவது அவர் நினைவுகூர்வது ஒரு காலத்தை அல்ல, அந்தக் காலம் கண்ட கனவை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நினைவு எப்போதும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் 'அந்தக் காலம்' என்பது தயாராக எங்கோ கிடக்கும் பண்டம் அல்ல, நாம் பொறுக்கி எடுத்துச் சேர்ப்பது என்பது இங்கேயே புலனாகிவிடுகிறது.

எங்கள் பகுதிக்குப் பழமையைச் செய்யத் தெரியும். திருப்பூர் வட்டாரத்துச் சலவைப் பட்டறைகளில் நேற்று நெய்த துணியை என்சைம் போட்டுத் துவைத்து, சாயத்தை ஆங்காங்கே வெளுக்கவைத்து, பத்து வருஷம் உடுத்திய மென்மையை ஒரே நாளில் அதில் ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றுமதி ஆர்டர்களில் பழசு என்பது ஒரு ஃபினிஷிங். உடுத்தியவன் இல்லாமலே உடுத்திய தடம். சாயத் தொழிலுக்கு நொய்யல் கொடுத்த விலை தெரிந்ததே. 1992ல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம், பழமையின் தோற்றத்தை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்கும்போது மீதம் எங்காவது போய்ச் சேரவேண்டியிருக்கிறது என்பதே. துணியில் அது ஆற்றுக்குப் போகிறது. சரித்திரத்தில் எங்கே போகிறது?

உடனே தோன்றும் பதில், அசல் வேறு, போலி வேறு என்பது. வாடகைக் கோட்டு போலி. ஆகவே இந்தக் கல்யாணமும் போலி. அறிவுள்ளவன் இதிலிருந்து விலகி நிற்கவேண்டும். சிறுபத்திரிகை வாசகர்களாகிய நமக்கு இந்தப் பதில் மிகவும் பிடிக்கும். எனக்கு இதில் சம்மதமில்லை. காரணம் பழைய புகைப்படங்கள். அக்காலத்து ஸ்டுடியோக்களில் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா இவற்றோடு ஆணியில் ஒரு கோட்டும் தொங்கும். ஒரே அளவு, வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான். பெரிதாக இருந்தால் முதுகுப்புறம் கவ்வி போட்டு இறுக்குவார்கள். சிறிதாக இருந்தால் பொத்தான் போடாமல் கையை முன்னால் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். படத்தில் இடுப்புவரைதான் விழும். கீழே வேட்டி, செருப்பில்லாத கால். தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் மாட்டியிருக்கும் தாத்தாக்களின் கோட்டு, தாத்தாவுடையது அல்ல; ஸ்டுடியோக்காரருடையது. எங்கள் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒன்று உண்டு. ஆகவே இரவல் கோட்டு புதிய சீர்கேடு அல்ல. அசல் பழமையே இரவல்தான். அசல், போலி என்ற அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இந்த விஷயத்தை அளக்க முடியாது.

வேறு அளவுகோல் வேண்டும். அதற்குக் கோட்டின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

1914 மார்ச்சில் ராமானுஜன் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். புறப்படுமுன் குடுமி எடுக்கப்பட்டது; கோட்டும் கால்சட்டையும் வந்தன. அவரைப் பொறுத்தவரை கோட்டு ஒரு நிபந்தனை. 1888ல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தி பாண்ட் தெருவில் பத்துப் பவுன் செலவழித்து மாலை நேர சூட் தைத்துக்கொண்டதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே காந்தி 1921 செப்டம்பர் 22ல் மதுரையில், மேலாடையையும் நீண்ட வேட்டியையும் விட்டு முழங்கால்வரையிலான ஒற்றைத் துணிக்கு வந்தார். 1931ல் அந்த உடையோடே லண்டன் அரண்மனைக்கும் போனார். அவரைப் பொறுத்தவரை கோட்டு ஒரு துறவுப் பொருள். துறப்பதற்கு முதலில் அது கையில் இருந்திருக்கவேண்டும்.

அது கையில் இல்லாதவர்களின் கதை வேறு. 1930 நவம்பர் 12ல் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு தொடங்கியது. தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதிகளாக அங்கே உட்கார்ந்தவர்கள் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும். மாநாடு 1931 ஜனவரிவரை நடந்தது. அது நடந்துகொண்டிருந்த அதே 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931ம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன், சாதி பற்றிய தன் நூலில் இவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் தலைமயிர் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. இவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று: ஆண்கள் கோட்டோ சட்டையோ பனியனோ அணியக் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. தானியமும் ஆடுமாடும் போயின. மறு ஆண்டு தடைகள் பதினொன்றாயின.

லண்டனில் ஒரு மேசையைச் சுற்றிக் கோட்டு அணிந்த இருவர். அதே மாதத்தில் ராமநாதபுரத்தில் கோட்டுக்குத் தடை. அம்பேத்கர் ஏன் வாழ்நாளெல்லாம் கோட்டைக் கழற்றவில்லை, நம் ஊர்களில் அவர் சிலைகள் ஏன் கோட்டோடு நிற்கின்றன, பல இடங்களில் அந்தக் கோட்டைச் சுற்றி ஏன் கம்பிக்கூண்டு போடவேண்டியிருக்கிறது என்பதற்கெல்லாம் இந்த ஒரு மாதத்தில் விடை இருக்கிறது. எளிமை ஒரு அறம்தான். ஆனால் தேர்ந்துகொண்ட எளிமைக்கும் திணிக்கப்பட்ட எளிமைக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசமே இல்லை. இரண்டும் வெற்று மார்புதான். வித்தியாசம் முழுவதும் அனுமதியில் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் உள்ள பனியன் என்ற சொல்லில் நான் நின்றுவிடுகிறேன். பனியனால் வாழ்கிற வட்டாரம் எங்களுடையது. திருப்பூர் என்ற பேரோடு முதலில் ஒட்டிக்கொண்டு வரும் சொல் அது. கணியூர்ப் பக்கத்திலிருந்தும் விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போகிறவர்கள் உண்டு. யாருக்கும் யோசிக்கக்கூடத் தேவையில்லாத, உடை என்ற கணக்கிலேயே சேராத உள்ளாடை அது. நூறு வருஷம்கூட ஆகவில்லை. அதை அணிந்ததற்காக வீடு எரிந்திருக்கிறது. நாற்பதுகளை ஆசையோடு திரும்பக் கொண்டுவர விரும்புகிற கல்யாணம், முப்பதின் இந்தப் பட்டியலைத் திரும்பக் கொண்டுவர விரும்பவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கோட்டும் இந்தப் பட்டியலும் ஒரே பெட்டியில் கிடந்தவை. ஒன்றை மட்டும் எடுத்து இஸ்திரி போடுகிறோம்.

இங்கே எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிறது. 'ரெட்ரோ' என்பது பழமையின்மீதுள்ள பற்று அல்ல. முடிந்துவிட்டது என்று நாம் நிச்சயமாக நம்புவதோடு விளையாடுவது அது. முடிந்ததோடுதான் விளையாட முடியும். சுயமரியாதைத் திருமணமும் அந்தக் காலத்ததுதான். 1928ல் சுக்கிலநத்தத்தில் தொடங்கியது, 1967ல் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஏற்பாட்டாளர்கள் யாரும் அதை ஒரு 'தீம்' ஆக விற்பதில்லை. அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதால் அது வேடிக்கையாவதில்லை. அப்படியானால் கோட்டு விஷயம் முடிந்துவிட்டதா? யாருக்கு?

வேஷம் விடுதலை தருவது அல்லவா என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி கனமானது. தெருக்கூத்தில் இரவெல்லாம் ஒருவன் துரியோதனனாக நிற்கிறான். கிரீடம், புஜகீர்த்தி, எல்லாம் உண்டு. பகலில் ஊர்த் தெருவில் செருப்போடு நடக்க முடியாதவனும் இரவில் ராஜாவாக முடிந்திருக்கிறது. ஆனால் விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பழைய இடத்துக்கே திரும்பவேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் அடக்கம். வேஷத்தை எந்தச் சமூகமும் சுலபமாக அனுமதிக்கிறது. பயப்படுவது உடைக்குத்தான். உடை என்பது விடிந்த பிறகும் கழற்றாமல் இருப்பது. ராமநாதபுரத்தில் தடைசெய்தது வேஷத்தை அல்ல.

ஸ்டுடியோக் கோட்டை இப்போது மறுபடி பார்க்கலாம். அதுவும் சில நிமிஷ வேஷம்தான். ஆனால் கேமராவின் முன் உட்கார்ந்த மனிதன் தன்னிடம் இருந்ததையோ தன் அப்பனிடம் இருந்ததையோ ஞாபகப்படுத்திக்கொள்ளவில்லை. தனக்கு இன்னும் வராததை ஒரு கணம் போட்டுப் பார்த்தான். அவன் முகம் வரப்போகிறவர்களை நோக்கி இருந்தது, நம்மை நோக்கி. இன்று வாடகைக் கோட்டு போடுகிறவன் முகம் பின்னோக்கி இருக்கிறது. இரண்டு கோட்டும் இரவல். ஒருவன் வராத காலத்தை உடுத்தினான். மற்றவன் முடிந்த காலத்தை உடுத்துகிறான். நான் தேடிய அளவுகோல் இதுதான் என்று நினைக்கிறேன். கோட்டு யாருடையது என்பதைவிட, அதைப் போட்டுக்கொண்டு ஒருவன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்பது முக்கியம்.

முடிந்த காலம் என்று சொன்னேன். உடுமலைப்பேட்டை எங்களுக்குக் கல்யாணத் துணி எடுக்கிற ஊர். 2016 மார்ச் 13ல், பட்டப்பகலில், அந்த ஊர் பஸ் நிலையத்தருகே சங்கர் வெட்டப்பட்டார். இன்ஜினியரிங் மாணவர், தலித். மாற்றுச் சாதிப் பெண்ணை மணந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இருவரும் கடைக்குப் போய் அவருக்குச் சட்டை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுவித்து, ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. சட்டத்தின் கணக்கு இது. 1930ன் பட்டியலில் இன்று பனியன் இல்லை, சட்டை இல்லை, செருப்பும் அநேகமாக இல்லை. பட்டியல் சுருங்கிச் சுருங்கி ஒரே ஒரு விதியாக நிற்கிறது: யாரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம். உடையைப் பற்றிய தடைகள் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே இந்த ஒன்றைக் காப்பதற்காகப் போட்ட வேலிகள்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஒரேமாதிரி உடுத்தினால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், பார்த்தால் பேசுவார்கள்.

ஆகவேதான் இந்த 'ரெட்ரோ' ஒரு கல்யாணத்தில் நடப்பது எனக்கு உறுத்துகிறது. பிறந்தநாள் விருந்திலோ கல்லூரி விழாவிலோ நடந்தால் இவ்வளவு யோசிக்கமாட்டேன். கல்யாணம் என்பது அந்தப் பழைய விதி இன்றும் உயிரோடு இயங்கும் இடம். மேடையில் ஏற்பாட்டாளர் நாற்பதுகளைக் கொண்டுவரப் பெரும்பாடு படுகிறார். அவர் கையே படாமல் மேடைக்குப் பின்னால் நாற்பதுகள் ஏற்கெனவே இருக்கிறது. ஜாதகப் பொருத்தத்துக்கு முன்னால் பார்த்த பொருத்தம் எது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் 'தீம்' என்று சொல்வதில்லை.

என்ன செய்வது? போகாமல் இருந்துவிடலாம், அது என்னைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வேட்டி சட்டையில் போய் நின்று கோட்டை நிராகரிக்கலாம். அது காந்தியின் வழி. அவருக்கு அதற்கான தகுதி இருந்தது. நான் நிராகரிக்க என்னிடம் கோட்டு இல்லை. மாப்பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான்: அகன்ற மடிப்பு வேண்டாம், நாடாப் பட்டை வேண்டாம், வாடகைக்கும் வேண்டாம். உடுமலையில் நல்ல டைலராகப் பார்த்து உங்கள் அளவுக்கு ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் முடிந்து பத்து வருஷம் போட்டுக்கொள்ளும்படி இருக்கட்டும். பத்து வருஷம் போட்டால் அது தானாகவே பழசாகும். அந்தப் பழசுக்கு நீங்கள் பொறுப்பு. அவருக்கு இதில் ஏமாற்றம். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது 'பீரியட்' மாதிரி விழாது என்றார். சரிதான், விழாது.

ஆனால் அந்தச் சொல் என் மனதில் தங்கிவிட்டது. 'பீரியட்' சுத்தமாக விழுந்த படம் எப்படி இருக்கும்? மாட்டுவண்டி, கிராமபோன், இரட்டை வரிசைப் பொத்தான், எல்லாம் பிசகாமல் அமைந்த படம்; ஒரு கைக்கடிகாரம்கூடக் காலம் தவறித் தெரியாத படம். அப்படி ஒரு படத்தில் யார் யார் நிற்க முடியாது என்பதும் அந்தச் சுத்தத்தில் சேர்ந்ததே. 1930ல் கோட்டு மறுக்கப்பட்டவனின் பேரன் இன்று அதே மண்டபத்துக்கு விருந்தாளியாக வரலாம், மொய் எழுதலாம், பந்தியில் உட்காரலாம். இவற்றுக்காக எத்தனையோ பேர் அடிபட்டிருக்கிறார்கள். அற்பமான மாற்றம் அல்ல. ஆனால் முன்வரிசையில், பெண்ணின் அப்பாவுக்குப் பக்கத்தில், சம்பந்தி என்ற உரிமையோடு, தன் சொந்தக் கோட்டில் அவன் நிற்கும் படம் எங்கள் பக்கத்தில் அபூர்வம். அவன் அங்கே நின்றால் படம் காலத்துக்குப் பொருந்தாது. நாற்பதுகளில் அப்படி ஒரு கல்யாணப் படம் ஊருக்குள் எடுக்கப்பட்டிருக்க முடியாது. ஏற்பாட்டாளர் பார்த்தால் பிழை என்பார்.

எனக்கு வேண்டியது அந்தப் பிழை. பழைய காலத்தைப் பிசகில்லாமல் திரும்பச் செய்வதில் ஒரு கைத்திறன் இருக்கலாம். மரியாதை இருக்க முடியாது. ஸ்டுடியோவின் பெரிய கோட்டுக்குள் தோளை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்த அந்த மனிதனுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை, அவன் கோட்டைப்போல ஒன்று வாங்குவது அல்ல. அவன் எதைப் போட்டுப் பார்த்தானோ அதை அவன் பேரன் கழற்றவேண்டிய அவசியம் இல்லாமல் செய்வது. அதுவரைக்கும் மார்மடிப்பு நாலு அங்குலமா மூன்றா என்பது டைலரின் கவலையாக இருக்கட்டும்.